பின்னால் போகாத ஃபியட்

என் அத்திம்பேர், அதாவது அக்கா புருஷன், லக்ஷ்மிநாராயணனைப் பற்றி மட்டாஞ்சேரியில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். தங்கமான மனிதர் என்பார்கள். கல்யாண மண்டபத்துக்குப் போனால், வாசலில் இடம் இருந்தாலும் தன் காரை அங்கே நிறுத்தமாட்டார். வயதானவர்கள் வரட்டும் என்று கடைசிக்குப் போய்த் தெருவைப் பார்க்க நிறுத்துவார். பஜார் ரோட்டில் அரிசி லாரிகள் சரக்கு இறக்கும் நேரத்தில் வண்டியை வெளியே எடுக்கவே மாட்டார். உழைக்கிறவர்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாதாம். யார் வீட்டுக்குப் போனாலும் காம்பவுண்டுக்குள் காரை ஏற்றுவதில்லை. அவர்கள் வீட்டு முற்றம் அழுக்காகிவிடுமாம். இத்தனை நற்குணங்களுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய காரில் ரிவர்ஸ் கியர் கிடையாது.

கிடையாது என்றால், ஒரு காலத்தில் இருந்தது. 1961ஆம் வருஷத்து ஃபியட் அது, மோர் நிறம். கியர்க் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓணக் கூட்டத்தில், தோப்பும்படியில், யாரோ ஒருவன் காரின் மேல் கையை ஊன்றிவிட்டான். அத்திம்பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவனைத் திட்டிக்கொண்டே, வண்டி முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை ரிவர்ஸுக்கு இழுத்துவிட்டார். உள்ளே ஏதோ எலும்பைக் கடிக்கிற சத்தம். அதோடு சரி. அன்றிலிருந்து கம்பி ரிவர்ஸ் இடத்துக்குப் போகும், கார் போகாது. இதில் காரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் முழுக்க அத்திம்பேருடைய வாயின் மேல்தான்.

ரிப்பேர் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். களமசேரியில் ஷெட் வைத்திருக்கும் சங்கிலிப்பாண்டி கெட்டிக்கார மெக்கானிக். அவன் காருக்கு அடியில் அரைமணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, "ஐயா, இந்தச் சாமான் இப்ப வர்றதில்ல. வேற வண்டி கியர்பாக்ஸ் ஒண்ணு இருக்கு, ரெண்டே நாள்ல மாட்டித் தந்துடறேன்" என்றான். அத்திம்பேர் காதைப் பொத்திக்கொண்டார். ஏனென்றால் அவர் 'மட்டாஞ்சேரி பழைய வண்டிக் கிளப்'பின் செக்ரட்டரி. கிளப்பின் விதிகளை எழுதியவரே அவர்தான். நாலாவது விதி: வேறு வண்டியின் உதிரிப் பாகம் எதையும் பொருத்தக்கூடாது. ஏழாவது விதி: வண்டியோடு வந்த எல்லாமும் வேலை செய்யவேண்டும், செய்யாத வண்டி கிளப்புக்கு வெளியே. நாலாவது விதியால் ரிவர்ஸை மாற்ற முடியாது. ஏழாவது விதியால் ரிவர்ஸ் இல்லாமல் இருக்க முடியாது. இப்படித் தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதனால் மறைத்தார். பதினோரு வருஷம் மறைத்தார். இரண்டு தெருவிலும் வாசல் உள்ள ஒரு பழைய அரிசிக் கிடங்கைத் தேடிப் பிடித்து, ஒரு வாசல் வழியாக உள்ளே போய் மறு வாசல் வழியாக வெளியே வந்தார். தப்பித்தவறிப் பின்னால் போகவேண்டி வந்தால் அதற்கு என் அக்கா கமலாக்ஷி இருந்தாள். அக்கா இறங்கிக் காரின் முன்னால் வந்து, பானெட்டின் நடுவில் உள்ளங்கையை வைப்பாள். அத்திம்பேர் பின் சக்கரத்தைப் பார்ப்பவர்போலக் கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி உந்துவார். அக்கா தள்ளுவாள். சுங்கடிப் புடவையிலும் தள்ளியிருக்கிறாள், பட்டுப் புடவையிலும் தள்ளியிருக்கிறாள். பாலஸ் ரோட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஐயர் வீட்டு மாமி காரைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வழியனுப்புவாள் என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த ரகசியம் அவர்கள் இரண்டு பேருக்கும், சங்கிலிப்பாண்டிக்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் விஸ்வநாத். கலூரில் ஹோமியோ மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கார் கிடையாது, வேண்டவும் வேண்டாம். அத்திம்பேரின் இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஆறு நாளும் காலிச் சாக்கு விற்கிற மனிதர் அவர். மிளகுக்கும் அரிசிக்கும் சாக்கு எண்ணி எண்ணித் தலைமுடியெல்லாம் சணல் தூசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஃபியட்டில் கிளப்போடு கிளம்பும்போது மட்டும் அவர் முகமே வேறு. அது போய்விட்டால் அவருக்கு வேறொன்றும் இல்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது வெங்கிடராமன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் செர்லாயில் அப்பளக் கம்பெனி நடத்துகிறார், பச்சை நிற ஹெரால்ட் கார் வைத்திருக்கிறார். எங்கள் ஊர்த் தமிழர். அத்திம்பேருக்கு முப்பது வருஷப் பழக்கம். கிளப்பில் வருஷத்துக்கு ஒருதரம் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவரும் தன் காரின் பானெட் மேல் கை வைக்கவேண்டும். செக்ரட்டரி "எல்லாம் ஷரியா?" என்று கேட்பார். "எல்லாம் ஷரி" என்று பதில் சொல்லவேண்டும். இந்தச் சடங்கைக் கண்டுபிடித்தவரும் அத்திம்பேர்தான். போன வருஷம் வெங்கிடராமன் கை வைத்து "எல்லாம் ஷரி" என்றார். "ஹார்னை அடியும், பார்ப்போம்" என்றார் அத்திம்பேர். ஹார்ன் ஒரு தடவை செருமிவிட்டு அடங்கிப்போனது. வேறு வண்டியின் ஹார்னை மாட்டுகிறேன் என்று வெங்கிடராமன் கெஞ்சினார். நாலாவது விதி. அப்படியானால் அப்படியே இருக்கட்டுமே என்றார். ஏழாவது விதி. ஹெரால்ட் அன்றே கிளப்புக்கு வெளியே போயிற்று. வெங்கிடராமன் மற்றவர்கள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வர ஆரம்பித்தார். ரிவர்ஸ் இல்லாத மனிதர் ஹார்ன் இல்லாத மனிதரை வெளியே தள்ளிய நியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

இந்த வருஷம் மூணாறுக்குப் போகலாம் என்று கிளப் தலைவர் தோமாச்சன் சொன்னார். அத்திம்பேர் ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிக் கழிப்பார் என்று நினைத்தேன். உடனே சரி என்றுவிட்டார். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, மருந்து அலமாரிக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காதருகே சொன்னார்.

"ஏத்தத்துல ரிவர்ஸே வேண்டாம்டா விச்சு. நியூட்ரல்ல போட்டா வண்டி தன்னால பின்னால வரும். எங்கிட்ட ரிவர்ஸ் இல்லைன்னு மலையில ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதாக்கும்."

"ஏறினா இறங்கவும் வேண்டாமா, அத்திம்பேர்?"

"இறங்கறச்சே எதுக்குடா பின்னால போகணும்?"

கொச்சி முழுக்கச் சமதரை. பாலங்களைத் தவிர ஏற்ற இறக்கம் தெரியாமல் அறுபத்துமூன்று வருஷம் வாழ்ந்த மனிதர் போட்ட கணக்கு அது. அதைவிடப் பெரிய சோதனை மறுநாள் வந்தது. யார் எந்தக் காரில் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வெங்கிடராமன் பெயர் ஃபியட்டுக்கு விழுந்தது. அத்திம்பேர் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வெங்கிடராமனோடு பின்சீட்டில் உட்கார்ந்து, ரிவர்ஸ் பேச்சு வரும்போதெல்லாம் அவர் கவனத்தைத் திருப்புவது என் வேலை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை விடிகாலை ஏழு கார்கள் கிளம்பின. முதலில் செக்ரட்டரியின் ஃபியட், கிளப் கொடி கட்டிக்கொண்டு. கோதமங்கலத்தில் காலை ஆகாரத்துக்கு நிறுத்தினோம். ஹோட்டல் வாசலில் காவல்காரர் விசில் ஊதி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்பக்கமாக ஏற்றச் சொல்லிக் கை காட்டினார். அத்திம்பேர் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஹோட்டலை இரண்டு சுற்று சுற்றி, நூறு கஜம் தள்ளி ரோட்டோரத்தில் நிறுத்தினார்.

"அங்கே இடம் இருந்ததே ஓய்" என்றார் வெங்கிடராமன்.

"நிழல் வேணுமாக்கும்."

நாங்கள் நின்ற இடத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. நான் அவசர அவசரமாக வெங்கிடராமனின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன். பாவம், ஹோட்டல் வாசல்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். நேரியமங்கலம் பாலம் தாண்டிக் காடு தொடங்கியது. வளைவுக்கு வளைவு குளிர்ந்தது. சீயப்பாறை அருவியில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். தண்ணீர் ஏழு தட்டாக விழுகிறது, புகைபோலத் திவலை வந்து முகத்தில் அடிக்கிறது. அத்திம்பேர் அருவிப் பக்கம் திரும்பவேயில்லை. வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் இருந்ததைத்தான் கண் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடிமாலி தாண்டிய ஏற்றத்தில், சரிந்த மண்ணைச் சுற்றிப் பாதை குறுகலாக இருந்த இடத்தில் எதிரே ஒரு பஸ் வந்தது. அக்கா பழக்கதோஷத்தில் சட்டென்று இறங்கி பானெட்டுக்கு முன்னால் வந்து கையை நீட்டினாள். அதற்குள் அத்திம்பேர் நியூட்ரலில் போட்டு, பிரேக்கைத் தளர்த்தி, கழுத்தைத் திருப்பி, ஃபியட்டை அழகாகப் பின்னால் உருட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா நீட்டிய கையோடு நடு ரோட்டில் நின்றாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கீழே நடந்து வந்து ஏறிக்கொண்டாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து அத்திம்பேர் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெங்கிடராமன் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் தங்கவேண்டிய பங்களா ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து இரண்டு கிலோமீட்டர் இறங்கவேண்டும். ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். செக்ரட்டரி முன்னால் இறங்கினார், ஆறு கார்களும் பின்னால் இறங்கின. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் கீழேயிருந்து ஒரு டிராக்டர் ஏறி வந்தது. பின்னால் டிரெய்லர். டிரெய்லரில் பச்சை இலை மூட்டைகளும், மூட்டைகளின் மேல் பத்துப் பன்னிரண்டு பெண்களும்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிற வண்டி பின்வாங்கவேண்டும். கிளப்பின் பன்னிரண்டாவது விதியும் அதையேதான் சொல்கிறது. எழுதியது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. டிராக்டரைப் பார்த்ததும் பின்னாலிருந்த ஆறு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக ரிவர்ஸில் ஏறி, மேலே நூறடி தள்ளி அகலமான இடத்தில் ஒதுங்கிக்கொண்டன. ஃபியட் மட்டும் தனியாக நின்றது.

டிராக்டர் ஓட்டுநர் கையை ஆட்டினார். அத்திம்பேரும் கையை ஆட்டினார். மூட்டையின் மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டியிருந்தாள். மூக்கம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க. நாலு மணிக்குள்ள எலை பாக்டரிக்குப் போய்ச் சேரணும்."

"நீங்க பின்னால எடுத்துக்கோங்களேன், அம்மா."

"டிரெய்லரைப் பின்னால தள்ளுனா பள்ளத்துலதான் போய் நிக்கும். நீங்க எடுங்கய்யா."

அத்திம்பேர் கம்பியை ரிவர்ஸுக்குத் தள்ளி, ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் ஊரெல்லாம் கேட்க உறுமியது. கார் அசையவில்லை. மறுபடியும் செய்தார். நான் வெங்கிடராமன் பக்கம் திரும்பி, "கழுத்து வலி உண்டா உங்களுக்கு?" என்றேன். அவர் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். இறங்கினாள். காரின் முன்னால் போய், எப்போதும்போல பானெட்டின் நடுவில் கையை வைத்தாள். இது மட்டாஞ்சேரி சமதரை இல்லை, செங்குத்தான ஏற்றம். என்றாலும் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தள்ளத் தயாராக நின்றாள்.

மூக்கம்மாள் அக்காவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, இந்த வண்டிக்கு ரிவர்ஸ் விழாதா?"

"விழாது" என்றாள் அக்கா.

பதினோரு வருஷ ரகசியம் ஒரே வார்த்தையில் முடிந்தது. அத்திம்பேர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அதுக்கு ஒத்தையாவா தள்ளுவீங்க? நல்லா இருக்கே. ஏய் மாடத்தி, எல்லாரும் இறங்குங்கடி."

பன்னிரண்டு பெண்களும் இறங்கி வந்து ஃபியட்டின் முன்பக்கத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் இறங்கினேன். என் பக்கத்துக் கதவு மூடுவதற்குள் மறுபக்கத்துக் கதவு திறந்தது. வெங்கிடராமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் பானெட்டில் கை வைத்தார். மூக்கம்மாள் குரல் கொடுக்கக் கொடுக்க, கார் அங்குலம் அங்குலமாக மேலே ஏறிற்று. உள்ளே அத்திம்பேர் கழுத்தைத் திருப்பி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, கன்னம் நனைந்திருந்தது. மேலே போய் ஒதுங்கியதும் டிராக்டர் தாண்டிப் போயிற்று. "பெரிய கார் வச்சிருக்கீக, நல்லா வச்சுக்கிடுங்க" என்று மூக்கம்மாள் சிரித்துக்கொண்டே மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

மேலே காத்திருந்தவர்கள் இதையெல்லாம் என்னவென்று நினைத்தார்கள் என்று கேளுங்கள். தூரத்திலிருந்து பார்த்த தோமாச்சனுக்கு, தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் பழைய காரைக் கண்ட சந்தோஷத்தில் ஓடிவந்து, சூழ்ந்துகொண்டு, கையால் ஏந்தி மேலே கொண்டுவந்தது போலத் தெரிந்ததாம். முழுவதையும் வீடியோ எடுத்து கிளப் குரூப்பில் போட்டுவிட்டார்.

பங்களாவில் நாலரை மணிக்கு சாயாவும், நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரியும் வந்தன. தோமாச்சன் எல்லோருக்கும் வீடியோவைக் காட்டினார். "செக்ரட்டரி, நம்முடெ வண்டிக்கு இத்தனை மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்திம்பேருக்கு ஒரு வாய் பழம்பொரி இறங்கவில்லை. வெங்கிடராமன் ஓர் ஓரத்தில் நின்று சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய், "என்ன பண்ணப் போறேள்?" என்று நேராகவே கேட்டேன்.

"சாயா குடிக்கப் போறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் சடங்கு. ஏழு கார்களும் பங்களா முற்றத்தில் வரிசையாக நின்றன. அத்திம்பேர் ஒவ்வொரு காராகப் போய்க் கேட்டார். குரலே எழும்பவில்லை. ஆறு பேரும் "எல்லாம் ஷரி" என்றார்கள். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். கேட்கிறவரை யாரும் கேட்பதில்லை. அதை வைத்துத்தான் அத்திம்பேர் பதினோரு வருஷமும் பொய் சொல்லாமல் தப்பித்தார். ஆனால் வீடியோ கொடுத்த உற்சாகத்தில் இருந்த தோமாச்சன், "இன்னைக்கு ஹீரோ ஃபியட்டாணு. அதையும் கேட்கணுமல்லோ. வெங்கிடராமன் கேட்கட்டும், அவருக்குத்தான் காரில்லை" என்றார்.

இதைத்தான் வெங்கிடராமன் ஒரு வருஷமாக எதிர்பார்த்திருப்பார். ஒரு கேள்வி போதும், ஃபியட் வெளியே.

அத்திம்பேர் காரின் முன்னால் வந்து நின்றார். வெங்கிடராமன் எதிரே வந்தார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"ஹார்ன் அடிக்கறதா ஓய்?" என்று கேட்டார் வெங்கிடராமன். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை.

ஹார்ன் அடிக்கும். நன்றாகவே அடிக்கும். "அடிக்கறது" என்று சொல்லிவிட்டால் அது நூற்றுக்கு நூறு உண்மை, ஃபியட் பிழைத்தது. வெங்கிடராமன் தன்னைக் கவிழ்த்த கேள்வியையே எடுத்து அத்திம்பேர் தப்பிக்கும் வழியாக விட்டிருந்தார். அத்திம்பேருக்கும் அது புரிந்தது. பதில் சொல்லக் கையை பானெட்டின் மேல் வைக்கப் போனவர், வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். பானெட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, மோர் நிறப் பெயிண்ட் தேய்ந்து மங்கிப்போயிருந்தது. பதினோரு வருஷமாக அக்கா கை வைத்த இடம். அத்திம்பேர் எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவர். ஞாயிறு தோறும் மெழுகு போட்டுத் துடைத்தபோதுகூட அது அவர் கண்ணில் படவில்லை, அல்லது என்னவென்று யோசிக்கவில்லை. இப்போதுதான் அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். அக்கா பங்களாப் படியில் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹார்ன் அடிக்கறது" என்றார் அத்திம்பேர். "ரிவர்ஸ் இல்லை. பதினோரு வருஷமா இல்லை. வெங்கிடராமன் வண்டியை வெளியே அனுப்பினப்பவும் எனக்கு ரிவர்ஸ் இல்லை."

தோமாச்சன் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏழாவது விதி" என்றார் அத்திம்பேர். "எழுதிக்கோங்கோ, தோமாச்சா. ஃபியட் வெளியே."

அவர் அழுதார். அறுபத்துமூன்று வயது ஆண்பிள்ளை, கிளப் கொடியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர் மேலிருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் வெங்கிடராமன்தான் தொண்டையைச் செருமினார், அவருடைய ஹார்ன் மாதிரியே.

"ஓய் செக்ரட்டரி. உம்ம வண்டியில ஹார்ன் இருக்கு, ரிவர்ஸ் இல்லை. எங்கிட்ட ரிவர்ஸ் இருக்கு, ஹார்ன் இல்லை. ஏழாவது விதியில, வண்டியோட எல்லாம் வேலை செய்யணும்னுதானே இருக்கு? வண்டின்னா ஒண்ணுதான்னு எங்கே எழுதியிருக்கீர்?"

விதி என்று வந்துவிட்டால் அத்திம்பேர் அழுதுகொண்டேகூட யோசிப்பார். சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். ஏழாவது பக்கத்தைத் திருப்பிப் படித்தார். மறுபடியும் படித்தார். "எழுதலை" என்றார், மெள்ள.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழு (அ) என்று ஒரு விதி சேர்ந்தது. ஒரே கயிற்றால் இணைக்கத்தக்க தூரத்தில் சேர்ந்து போகிற இரண்டு வண்டிகளைச் சோதனைக்கு ஒரே வண்டியாக எடுத்துக்கொள்ளலாம். தோமாச்சன் முதல் ஆளாகக் கை தூக்கினார். தன் வண்டியின் வைப்பர் எட்டு வருஷமாக ஓடவில்லை என்பதை அவர் இரண்டாவது சாயாவின்போது சொன்னார்.

போன மாசம் வாகமண் போனோம். முன்னால் ஃபியட், அதை ஒட்டிப் பின்னால் பச்சை ஹெரால்ட். ஒவ்வொரு வளைவிலும் அத்திம்பேர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார், தனக்கு ஒன்று, வெங்கிடராமனுக்கு ஒன்று. எங்கள் பின்சீட்டில் எனக்குக் காது அடைத்துப்போய்விட்டது. மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது, குறுகலான இடத்தில் எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. அக்காவின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

"மன்னி, நீங்க இறங்க வேண்டாம்" என்று பின்னாலிருந்து வெங்கிடராமன் குரல் கொடுத்தார். அவர் இறங்கி வந்து, ஃபியட்டின் பின் பம்பரில் கயிற்றைக் கட்டினார். கயிறு நல்ல சணல், அத்திம்பேர் கடையிலேயே திரித்தது. ஹெரால்ட் பின்னால் நகர்ந்தது. கயிறு விறைத்தது. ஃபியட் ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் கிளம்பியது.

அக்கா கையைக் கதவிலிருந்து எடுத்து, மடியில் இருந்த நேந்திரங்காய் உப்பேரி டப்பாவைத் திறந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தபடியே பின்னால் போனாள்.